மில்லு மூடுறாங்களா? பேனாவ எடுக்குறதுக்கு முன்னாடி இதப் படிங்க

மலேசியாவுல எங்க சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை (பாமாயில்) மில்லு மூடப்போகுது, சொன்ன அன்னிக்கே எங்க அத்தைகிட்ட மலாய்ல ஒரு பேப்பர நீட்டி, எல்லாரும் போட்டாச்சு நீங்களும் போடுங்கன்னு கிராணி சொல்லிருக்காரு. நல்ல வேள, கண்ணாடிய வீட்டுல வச்சிட்டு போயிருச்சு. நான் படிச்சுப் பாத்தா, "சுக்காரேலா"ன்னு இருக்கு. அதாவது நானே விரும்பி நிக்கிறேன்னு அர்த்தம்!

அதனால முதல் வேல, அந்த வார்த்த இருக்குற எதுலயும் கையெழுத்து போடாதீங்க. நீங்களா நின்னா நஷ்டஈடு கிடையாது, மொதலாளி நிறுத்தினாத்தான் உண்டு. ஒரு காப்பி கேட்டு வாங்கி வீட்டுக்கு கொண்டு வந்துருங்க.

அடுத்து நோட்டிஸ், அதாவது நிறுத்துறதுக்கு முன்னாடி மொதலாளி குடுக்க வேண்டிய காலம். மில்லு மூடுறதால நிறுத்தினா, காண்ட்ராக்ட்ல என்ன இருந்தாலும் கொறஞ்சது ரெண்டு வருஷத்துக்கு கம்மியா செஞ்சவங்களுக்கு 4 வாரம், ரெண்டுலேர்ந்து அஞ்சுக்குள்ள 6 வாரம், அஞ்சும் அதுக்கு மேலயும் 8 வாரம். குடுக்கலன்னா அந்த நாளுக்கு சம்பளம் குடுக்கணும்.

இப்ப காசு கணக்கு, இதுலதான் நம்ம ஆளுங்க ஏமாறுறது. வேல போனா குடுக்குற நஷ்டஈட்டுக்கான 1980 விதிமுறைப்படி (சபா, சரவாக்குக்கு வேற சட்டம்) ஒரு வருஷமாச்சும் தொடர்ந்து செஞ்சிருக்கணும், சம்பளம் மாசம் 4,000 வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல இருக்கக்கூடாது, ஆனா உடம்பால உழைக்கிறவங்களுக்கு இந்த வரம்பு இல்ல. வருஷத்துக்கு இத்தன நாள் சம்பளம்னு கணக்கு: ரெண்டு வருஷத்துக்குள்ளனா 10 நாள், அஞ்சுக்குள்ள 15, அதுக்கு மேல 20. ஒரு நாள் சம்பளம்னா கடைசி 12 மாச சம்பளத்த கூட்டி 365ஆல வகுக்கணும், 26ஆல இல்ல. அத்தைக்கு மாசம் 1,825, வருஷத்துக்கு 21,900, வகுத்தா நாளுக்கு 60 வெள்ளி. 18 வருஷம், அப்ப 60 பெருக்கல் 20 பெருக்கல் 18, மொத்தம் 21,600. வேல முடிஞ்சு 7 நாளைக்குள்ள கைக்கு வரணும்.

வேற ஊரு மில்லுக்கு போங்கன்னு சொன்னா? மொதல்ல காண்ட்ராக்ட எடுத்துப் பாருங்க. எங்க மாத்தினாலும் போகணும்னு அதுல இருந்தா கஷ்டம். இல்லன்னா, மாட்டேன்னு சொன்னதுக்காக நிறுத்தினாலும் நோட்டிஸ் உண்டு. ஆனா வேல முடியிறதுக்கு 7 நாளுக்கு முன்னாடியே பழைய சலுகைக்கு கொறையாம வேல குடுத்து, நீங்க சும்மா வேணாம்னா நஷ்டஈடு போயிரும். தூரம், புள்ளைங்க ஸ்கூல், வீட்டுல நோயாளி, என்ன காரணமோ அத எழுத்துல குடுங்க, வாயால சொன்னது காத்தோட போயிரும்.

லயன் வீடு (தோட்டத்துல தங்க குடுத்த வீடு) இந்தக் கணக்குல சேராது, அத யூனியன் மூலமா தனியா எழுதிக் கேக்கணும்.

காசு வரலன்னா லேபர் ஆபீஸ், வக்கீல் தேவையில்ல. பெர்கேசோவுல (தொழிலாளர் காப்புறுதி ஆபீஸ்) எஸ்ஐபி, அதாவது வேல போனவங்களுக்கான காப்புறுதி உதவிக்கு, வேல போன 60 நாளைக்குள்ள மனு போட்ருங்க. ஐசி, காண்ட்ராக்ட், சம்பள சிலிப் எல்லாம் எடுத்துக்கோங்க. சிலிப் தொலஞ்சிருந்தா இபிஎஃப் (சேமநிதி) ஸ்டேட்மெண்ட் உதவும், மொதலாளி உங்க பேருல காசு கட்டினது அதுல தெரியும்.