ஆன்லைன் தொழிற்பாடம் எழுதும் முன் ஒரு நடைத்தாள்: புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கான செய்முறை

நீலகிரியில் தேயிலை, ஹோம்ஸ்டே, சுற்றுலா வழிகாட்டி, மருந்து தெளிப்பு என்று ஏதாவது ஒரு தொழிலுக்குத் தமிழில் ஆன்லைன் படிப்பு எழுத உட்காருகிறவர்களுக்கு இந்தப் பதிவு. எழுத வருகிறவர்களுக்கு விஷயம் நன்றாகத் தெரியும், அதில் குறையே இல்லை. ஆனால் மூன்று பேர் சேர்ந்து எழுதும்போது, பறித்த தேயிலையின் ஈரத்தைக் குறைக்கும் முதல் வேலையை ஒருவர் வாட்டுதல் என்கிறார், இன்னொருவர் வித்தரிங் என்கிறார், மூன்றாமவர் இலையை உலர்த்துதல் என்று எழுத, அது கடைசியில் வரும் டிரையர் வேலையோடு குழம்பிவிடுகிறது. வகுப்பறையாக இருந்தால் யாராவது எழுந்து கேட்டுவிடுவார்கள். ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் போனைப் பார்த்துக்கொண்டு போகிறவருக்குக் கேட்க ஆள் இல்லை, மூன்றும் வேறு வேறு வேலை என்று நினைத்துக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார். அதனால் பாடத்தின் முதல் வரியை எழுதுவதற்கு முன்பே, எதை எப்படி எழுதுவது என்ற நடை விதிகளை முடிவு செய்து ஒரு தாளில் எழுதிவிடுங்கள். அதுதான் நடைத்தாள்.

1. யார் படிக்கப் போகிறார் என்று எழுதுங்கள்

"பயனாளர்கள்" என்று பொதுவாக எழுதி வைத்தால் அது எதற்கும் உதவாது. நம் மலையில் ஒரே பாடத்தை, வீட்டில் படுகு பேசும் கோத்தகிரி சிறு விவசாயியும், 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த குடும்பத்தில் பிறந்து அரசின் தேயிலைத் தோட்டக் கழகமான டேன்டீயில் வேலை பார்ப்பவரும், மலையாளம் பேசி வளர்ந்த பந்தலூர் மேற்பார்வையாளரும் படிக்கலாம். மூவருக்கும் தமிழ் தெரியும், ஆனால் மேடைத் தமிழும் அரசாணைத் தமிழும் மூவருக்குமே தூரம். இவர்கள் எங்கே, எந்த நேரத்தில், எந்தப் போனில் படிப்பார்கள் என்பதையும் ஐந்தாறு வரியில் எழுதிக்கொள்ளுங்கள். பின்னால் எந்தச் சொல்லைப் போடுவது என்று சண்டை வந்தால் அந்த ஐந்தாறு வரிதான் தீர்ப்பு சொல்லும்.

2. ஒரு தாள், மூன்று நெடுவரிசை

கூகுள் ஷீட் போதும். முதல் நெடுவரிசையில் எழுத வேண்டிய வடிவம், இரண்டாவதில் எழுதக் கூடாதவை, மூன்றாவதில் காரணம். காரணம் எழுதாத விதியை அடுத்த மாதம் புதிதாக வருகிறவர் மாற்றிவிடுவார். எழுதுகிற எல்லோருக்கும் திறந்து பார்க்க அனுமதி கொடுங்கள், திருத்துவதற்கு மட்டும் ஒரே ஒருவர் இருக்கட்டும்.

3. மரியாதை விகுதியை முடிவு செய்யுங்கள்

தமிழில் எழுதுகிறவர்களுக்கு மட்டுமே இருக்கிற வேலை இது என்று சொல்ல மாட்டேன், ஆனால் ஆங்கிலக் கையேடுகளைப் பார்த்து விதி எழுதினால் இது கட்டாயம் விடுபட்டுப் போகும். படிப்பவரை "நீங்கள்" என்றே அழையுங்கள், அதில் யாருக்கும் சந்தேகம் வராது. சிக்கல் எடுத்துக்காட்டுக் கதைகளில்தான் வருகிறது. "மேனேஜர் வந்தார், தொழிலாளி கூடையை இறக்கினான்" என்று கை தானாக எழுதிவிடும். அந்தப் பாடத்தைப் படிப்பவர் அந்தத் தொழிலாளிதான். அவர் காசு கொடுத்தோ நேரம் கொடுத்தோ படிக்க வந்த இடத்தில் தன்னையே "ன்" விகுதியில் பார்க்கக் கூடாது. பாடத்தில் வருகிற எல்லா மனிதருக்கும் "ஆர்" விகுதி என்று ஒரே விதி போடுங்கள்: கொழுந்து பறிப்பவர் வந்தார், டிரைவர் சொன்னார், ஹோம்ஸ்டேவில் சமைக்கும் அக்கா கேட்டார்.

வழிகாட்டிகளுக்கான பாடமாக இருந்தால் இதோடு இன்னொன்றும் சேர்கிறது. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று அந்தந்தச் சமூகத்தின் பெயரைச் சொல்லி எழுதுங்கள், எல்லோரையும் ஒரே சொல்லில் அடைக்காதீர்கள். படம் போட்டால் அனுமதி கேட்டு, அவர் விரும்பினால் பெயரோடு போடுங்கள். "மலைவாழ் பெண் ஒருவர்" என்று அடிக்குறிப்பு எழுதி ஒரு மனிதரை அலங்காரப் பொருளாக்குவது எனக்குச் சம்மதமே இல்லை.

4. வினைச்சொல்லின் முடிவுக்கு ஒரு விதி

என்னைக் கேட்டால் முழு நடைத்தாளிலும் இதுதான் மிக முக்கியம், ஏனென்றால் தப்பினால் ஆளுக்கு ஆபத்து. செய்முறைப் படிகளுக்கு "பரப்புங்கள், மூடுங்கள், குறித்துக்கொள்ளுங்கள்". கட்டாயமானதற்கு மட்டும் "வேண்டும்". செய்தாலும் சரி, விட்டாலும் சரி என்பதற்கு மட்டும் "லாம்". மருந்து தெளிக்கும் பாடத்தில் "கையுறை அணியலாம்" என்று மென்மையாக எழுதினால், படிப்பவர் அதைச் சலுகை என்று எடுத்துக்கொண்டு வெறுங்கையோடு கலக்கிவிடுவார், அவர் மேல் தப்பே இல்லை. "அணிய வேண்டும்" என்றே எழுதுங்கள். எச்சரிக்கை எப்போதும் படிக்கு முன்னால் வரட்டும், மூடியைத் திறக்கச் சொல்லிவிட்டு அடுத்த வரியில் முகக்கவசம் பற்றிப் பேசினால் தாமதமாகிவிடும்.

அப்புறம் "இலைகள் பரப்பப்பட்டு, காற்று செலுத்தப்பட வேண்டும்" என்பது போன்ற வாக்கியங்கள். யார் பரப்புவது, யார் மின்விசிறியைப் போடுவது என்றே தெரியாது. "இலையைச் சீராகப் பரப்புங்கள். பிறகு விசிறியைப் போடுங்கள்" என்றால் முடிந்தது.

5. தொழிற்சொற்களுக்கு ஒரு பட்டியல்

ஒரு பொருளுக்கு ஒரே சொல், பாடம் முழுக்க. எந்தச் சொல் என்று எப்படி முடிவு செய்வது? பேக்டரிக்குள் போய்ப் பாருங்கள், இயந்திரத்தின் மேலும் போர்டிலும் என்ன எழுதியிருக்கிறது, ஆட்கள் கூப்பிடும்போது என்ன சொல்கிறார்கள் என்று கேளுங்கள். கொழுந்து, கவாத்து (செடியை வெட்டிவிடுதல்) என்பவற்றுக்குப் பதிலாகப் புதுச்சொல் தேட அவசியமே இல்லை. டிரையர், ரோலர், சிடிசி (இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டும் இயந்திரம்) போன்றவற்றையும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். முதல்முறை வரும்போது தடித்த எழுத்தில் போட்டு ஒரே வாக்கியத்தில் விளக்கிவிடுங்கள், அதற்கு மேல் அலங்காரம் வேண்டாம்.

எழுத்துக்கூட்டலும் இங்கேயே முடிவாக வேண்டும். பேக்டரியா, பாக்டரியா, ஃபேக்டரியா? சதவீதமா, விழுக்காடா? எதைத் தேர்ந்தாலும் பரவாயில்லை, ஒன்றைத் தேர்ந்துவிடுங்கள்.

6. எண்ணும் அளவும்

அளவோடு வரும் எண் எப்போதும் இலக்கத்தில் இருக்கட்டும்: "1 கிலோ தேயிலைத்தூளுக்கு ஏறத்தாழ 4 முதல் 4.5 கிலோ கொழுந்து." இடையில் கோடு போட்டு எழுதாமல் "முதல், வரை" போடுங்கள், பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்குத் திரையை உரக்கப் படித்துக் காட்டும் திரைவாசிப்பான் செயலிகள் சில அந்தக் கோட்டை விட்டுவிடும். பெரிய எண்ணுக்கு நம் முறைப்படி 1,00,000. நேரம் காலை 7.30 மணி. தேதி 2025 ஜூன் 5 என்றோ 5 ஜூன் 2025 என்றோ இருக்கலாம், ஆனால் 5/6 என்று எழுதினால் ஜூனா மே மாதமா என்ற கேள்வி வரும்.

மருந்து அளவில் சுருக்கெழுத்தே வேண்டாம். மி.லி., மி.கி. இரண்டும் சின்னத் திரையில் ஒன்றுபோலத் தெரியும், மில்லிலிட்டர் என்று முழுதாக எழுதுங்கள். உயரத்துக்கு மீட்டரா அடியா என்பதையும் தீர்மானியுங்கள். தொட்டபெட்டா 2,637 மீட்டர் என்று ஒரு பாடத்திலும் அடிக்கணக்கில் இன்னொன்றிலும் வந்தால் வழிகாட்டி இரண்டையும் கலந்து சொல்லிவிடுவார்.

7. நோக்கமும் கேள்வியும்

ஒவ்வொரு பாடத்தின் தலையிலும் "தேயிலைத் தரம் பற்றி அறிந்துகொள்வீர்கள்" என்று போடுவது வழக்கமாகிவிட்டது. அறிந்துகொண்டாரா என்று எப்படிப் பார்ப்பது? கல்வி நோக்கங்களை வகைப்படுத்தி 1956-இல் பெஞ்சமின் புளூமும் மற்றவர்களும் வெளியிட்ட வரிசையை 2001-இல் திருத்தியபோது, அதன் படிநிலைகள் எல்லாவற்றையும் வினைச்சொற்களாக மாற்றினார்கள். அதே வழியில் கண்ணால் பார்க்கக்கூடிய வினையைப் போடுங்கள்: "ஒரு கூடைக் கொழுந்தில் இரண்டு இலை ஒரு மொட்டையும் முற்றிய இலையையும் பிரித்து, நல்ல கொழுந்து எத்தனை சதவீதம் என்று கணக்கிடுவீர்கள்."

கேள்வி அந்த நோக்கத்திலிருந்தே பிறக்க வேண்டும். நான்கு விடைகளும் ஏறக்குறைய ஒரே நீளம், "மேற்கண்ட அனைத்தும்" வேண்டாம், "எது சரியல்ல" என்று கேட்டே ஆக வேண்டுமென்றால் "அல்ல" தடித்த எழுத்தில். தவறான விடைக்கு வெறும் "தவறு" என்று காட்டினால் அவர் எதையும் கற்கவில்லை. "ஈர இலையைக் கனமாகப் பரப்பினால் காற்று உள்ளே போகாது, வாட்டம் சீராக வராது" என்று காரணத்தைச் சொல்லுங்கள்.

8. படம், நிறம், காலம்

படத்தில் இருப்பதைச் சொல்லில் விளக்கும் மாற்று உரை எழுதுங்கள், படம் இறங்காத இடத்தில் அதுதான் படம். நிறத்தை மட்டும் நம்பி எழுதாதீர்கள். பூச்சிமருந்து டப்பாவில் இருக்கும் முக்கோணத்துக்குச் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று நான்கு நிறம் உண்டு, நச்சுத்தன்மை அதே வரிசையில் குறையும். நிறக்குறைபாடு உள்ளவருக்கும் புரிய "சிவப்பு முக்கோணம், மண்டையோட்டுப் படம், மிகக் கடுமையான நஞ்சு" என்று சேர்த்து எழுதுங்கள். எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 நிறவேறுபாடு இருக்க வேண்டும் என்பது எல்லோரும் பயன்படுத்தக்கூடிய இணையப் பக்கங்களுக்கான டபிள்யூசிஏஜி (WCAG) வழிகாட்டியின் இரண்டாம் நிலை (AA) விதி. இணைப்புகளுக்கு "இங்கே கிளிக் செய்யவும்" வேண்டாம், எங்கே போகிறது என்பதையே இணைப்பாக்குங்கள்.

"தற்போது, சமீபத்தில், புதிய விதிப்படி" மூன்றையும் தடை செய்யுங்கள். "தற்போது இ-பாஸ் தேவை" என்பதை அடுத்த வருடம் படிப்பவர் என்ன செய்வார்? "நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வாகனங்களுக்கு உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் நடைமுறை வந்தது" என்று எழுதினால் அந்த வாக்கியம் என்றைக்கும் பொய்யாகாது. நிலவரம் மாறினால் எந்தப் பக்கத்தைத் திருத்த வேண்டும் என்பதும் தேதியைத் தேடினால் கிடைத்துவிடும்.

9. எழுத்துருச் சோதனை

"கௌ" என்பதைச் சிலர் "கெ" அடித்துப் பக்கத்தில் "ள" அடித்துவிடுவார்கள், துணைக்காலுக்குப் பதில் "ர" விழுந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் தேடினால் சொல் கிடைக்காது, திரைவாசிப்பான் தப்பாகப் படிக்கும். ஒவ்வொரு பாடத்தையும் ஏற்றுவதற்கு முன் இந்த இரண்டையும் தேடிப் பாருங்கள்.

10. ஒருவரை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள்

முதல் படியில் எழுதி வைத்தீர்களே, அப்படிப்பட்ட ஒருவரிடம் அவருடைய போனிலேயே பாடத்தைத் திறந்து கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் இருங்கள், விளக்கம் மட்டும் சொல்லாதீர்கள். எங்கே நிற்கிறார், எதைத் திரும்பப் படிக்கிறார், எந்தச் சொல்லைத் தன் சொல்லால் மாற்றிப் படிக்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். மாற்றிப் படித்த சொல் இரண்டாவது ஆளிடமும் அதே மாதிரி வந்தால் பட்டியலில் அதையே போடுங்கள். நடைத்தாளில் மாற்றிய தேதியை எழுதி, ஏற்கெனவே ஏற்றிய பாடங்களில் பழைய சொல்லைத் தேடி மாற்றிவிட்டு, எழுதுகிற எல்லோருக்கும் தகவல் அனுப்பிவிடுங்கள்.