லைன்மேனை எந்த வருஷம் எடுப்பது? ஒரு கிராணியின் கணக்கு

அமெரிக்கக் கால்பந்தில், முன்வரிசையான லைன் நன்றாக இருக்கும் வருஷத்தில்தான் அதில் நிற்கும் லைன்மேனை எடுக்க வேண்டும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் கூட்டத்துக்குப் புதிதாக வருகிற பையன்கள் எல்லாரும் நேர்மாறாகத்தான் தொடங்குகிறார்கள்.

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் அமெரிக்கக் கால்பந்துக்கு ஒரு கூட்டமா என்று சிரிக்கலாம். இருக்கிறோம். ஏப்ரல் கடைசியில் என்எஃப்எல் டிராஃப்ட் வரும், அதாவது அந்த லீக்கின் டீம்கள் புது ஆட்டக்காரர்களை முறைவைத்து எடுக்கும் நாள்கள். ஒரு முறைக்குப் பெயர் பிக், எல்லா டீமுக்கும் முறை வந்து போனால் ஒரு சுற்று. அதற்கு முந்தைய வாரம் ஆளுக்குச் சில டீம்களைப் பிரித்துக்கொண்டு எங்கள் டிராஃப்ட்டை நாங்களே நடத்திப் பார்ப்போம். நான் செம்பனை ஆலையில் லாரி நிறுக்கும் கிராணி. ஹூஸ்டனில் வேலை பார்த்த அத்தான் லீவில் வரும்போதெல்லாம் இந்தப் பைத்தியத்தை வீட்டில் விட்டுவிட்டுப் போவார்.

தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. பந்தை எறிகிற குவார்ட்டர்பேக்குக்கு முன்னால் ஐந்து தடியர்கள் நிற்பார்கள். இவர்கள்தான் லைன்மேன்கள், இந்த வரிசைதான் லைன். நடுவில் சென்டர், அவனுக்கு இரு பக்கமும் கார்ட், இரண்டு ஓரத்திலும் டேக்கிள். எதிராளியை மறிப்பதுதான் இவர்கள் வேலை. நிஜ ஆட்டக்காரர்களின் ஆட்டத்தை வைத்துப் புள்ளி சேர்க்கும் வழக்கமான ஃபேன்டசி லீக்கில் இவர்களுக்குப் புள்ளியே கிடையாது. அதனால் ஃபேன்டசி விளையாடிப் பழகியவன் கண்ணில் இவர்கள் படவே மாட்டார்கள்.

முதல் வேலை, ஒரு தாளை எடுத்து ஐந்து பேரின் பெயரையும் எழுதுங்கள். பக்கத்தில் வயது, அதற்குப் பக்கத்தில் ஒப்பந்தம் முடியும் வருஷம். டிராஃப்ட்டில் வருகிறவனுக்கு நான்கு வருஷ ஒப்பந்தம். முதல் சுற்றில் எடுத்தவனை மட்டும் ஐந்தாம் வருஷமும் வைத்துக்கொள்ள டீமுக்கு உரிமை உண்டு. அந்த முடிவை அவனுடைய மூன்றாம் சீசன் முடிந்து வரும் மே மாதத் தொடக்கத்துக்குள் சொல்லிவிட வேண்டும். தாளில் இரண்டு பேர் அடுத்த வருஷம் கிளம்புகிறார்கள் என்றாலோ, ஒரு டேக்கிளுக்கு 31, 32 ஆகிவிட்டது என்றாலோ, எடுக்க வேண்டியது இந்த வருஷம். அடுத்த வருஷம் அல்ல.

செம்பனைத் தோட்டத்தில் மறுநடவு எப்படி நடக்கிறது என்று பாருங்கள். இருபத்தைந்து வருஷம் ஆனால் மரம் உயர்ந்து குலை வெட்ட முடியாமல் போகும். அதற்காகத் துரை மொத்தத் தோட்டத்தையும் ஒரே வருஷத்தில் சாய்க்க மாட்டார். புதுக் கன்று காய்க்க மூன்று வருஷம் போல ஆகும் என்பதால், மற்றவை காய்க்கும்போதே ஒரு பகுதியை நட்டுக்கொண்டே வருவார்.

பிலடெல்ஃபியா ஈகிள்ஸ் டீமில் இதைக் கண்ணால் பார்க்கலாம். 2022 டிராஃப்ட் காலை, ரொட்டி சானாய் கடையில் உட்கார்ந்திருக்கிறோம். எங்கள் கூட்டத்தில் ஈகிள்ஸ் பொறுப்பு ஒரு சின்னப் பையனிடம்.

"அண்ணே, லைன் நல்லாத்தானே இருக்கு? சென்டர் கெல்சி இருக்காரு. ரிசீவரை எடுத்துப் போடுவோம்ணே."

"கெல்சிக்கு என்ன வயசு தம்பி?"

"முப்பத்து நாலு."

"அப்புறம் என்ன கேள்வி?"

உண்மையான ஈகிள்ஸ் இரண்டையும் செய்தது. முதல் நாள் பிக்கைக் கொடுத்து, பந்தைப் பிடிக்கும் ரிசீவரான ஏ.ஜே. பிரவுனை வாங்கியது. இரண்டாம் சுற்றில் 51ஆம் பிக்கில் கேம் ஜர்கன்ஸ் என்ற சென்டரை எடுத்தது. கெல்சி 2024 மார்ச்சில் ஓய்வு பெற்றார். அந்த சீசனில் ஜர்கன்ஸ் நடுவில் நின்றார். 2025 பிப்ரவரியில் கன்சாஸ் சிட்டியை 40-22 என்று அடித்துக் கோப்பையைத் தூக்கினார்கள். டல்லாஸும் ஒரு காலத்தில் இப்படித்தான் இருந்தது. 2011இல் டைரன் ஸ்மித், 2013இல் டிராவிஸ் ஃபிரெடரிக், 2014இல் சாக் மார்ட்டின், மூவருமே முதல் சுற்றில் எடுத்த லைன்மேன்கள். அந்த 2014 சீசனில், பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடும் டிமார்கோ மர்ரே 1,845 யார்டு ஓடினார்.

தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்பதற்கு அத்தானின் ஹூஸ்டனே சாட்சி. புது டீமாக 2002இல் வந்தபோது முதல் பிக்கில் டேவிட் கார் என்ற குவார்ட்டர்பேக்கை எடுத்தார்கள். லைனைத் தாங்குவார் என்று நம்பி வேறு டீமிலிருந்து கொண்டுவந்த டோனி பொசெலி காயத்தால் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. கார் அந்த ஒரே சீசனில் 76 முறை சாக் ஆனார், அதாவது பந்தை எறியும் முன்பே வீழ்த்தப்பட்டார். அந்தச் சாதனை இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறது, பாவம். இண்டியானாபோலிஸ் 2012இல் ஆண்ட்ரூ லக் என்ற குவார்ட்டர்பேக்கை எடுத்தது. குவென்டன் நெல்சன் என்ற கார்டை எடுக்க 2018 ஆனது. அந்த சீசனில் மொத்த டீமுக்கும் 18 சாக்தான். ஆனால் லக் 2019 ஆகஸ்டில் உடம்பு தாங்கவில்லை என்று ஆட்டத்தையே விட்டுவிட்டார்.

சரி, எந்த இடத்துக்கு எந்தச் சுற்று? டேக்கிளை முதல் சுற்றில் தேடுங்கள். நீளக் கையும் லேசான காலும் உள்ள அவ்வளவு பெரிய உடம்பு உலகத்தில் குறைவு. கார்டையும் சென்டரையும் இரண்டாம் சுற்றிலிருந்து பார்க்கலாம். இதில் ஒரு பணக் கணக்கும் உண்டு. ஐந்தாம் வருஷச் சம்பளத்தைக் கணக்கிடும்போது லைன்மேன் எல்லாரையும் ஒரே கூடையில் போட்டுவிடுகிறார்கள். அதனால் சென்டருக்கும் டேக்கிள் விலை கொடுக்க வேண்டி வரும். நெல்சன் மாதிரி ஒருவனுக்கு 6ஆம் பிக்கைக் கொடுக்கலாம், தப்பில்லை. ஆனால் 2013இல் 7ஆம் பிக்கில் போன ஜோனதன் கூப்பரும் 10ஆம் பிக்கில் போன சான்ஸ் வார்மாக்கும் கார்டுகள்தான். இருவரும் அந்த விலைக்கு ஆடவில்லை.

சின்சினாட்டி 2021இல் 5ஆம் பிக்கில் பெனே சூவல் என்ற டேக்கிளை விட்டு ஜமார் சேஸ் என்ற ரிசீவரை எடுத்ததைத் திட்டாதவர் இல்லை. எனக்கு அதில் குறை கிடையாது, சேஸ் அப்படி ஆடினார். என் குறை இரண்டாம் சுற்றில். 46ஆம் பிக்கில் ஜாக்சன் கார்மன் என்ற லைன்மேனை எடுத்தார்கள், அவர் நிலைக்கவில்லை. கிரீட் ஹம்ப்ரி என்ற சென்டர் 63ஆம் பிக் வரை உட்கார்ந்திருந்தார். கன்சாஸ் சிட்டி அள்ளிக்கொண்டது. அந்த சீசனின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலில் சின்சினாட்டியின் குவார்ட்டர்பேக் பர்ரோ ஏழு முறை சாக் ஆனார். தோற்றது மூன்றே புள்ளியில்.

டிராஃப்ட் நடக்கும்போது பெயர்களை எண்ணிக்கொண்டே இருங்கள். நல்ல டேக்கிள்கள் ஒரு கூட்டமாகப் போவார்கள், பிறகு ஒரு பள்ளம் விழும். 2020இல் நான்கு பேர் 4, 10, 11, 13ஆம் பிக்கில் போனார்கள். அடுத்தவர் 18இல். 14இல் காத்திருந்த டாம்பா பே ஒரே ஒரு இடம் மேலே ஏறி 13இல் டிரிஸ்டன் வெர்ஃப்ஸை எடுத்தது. அந்த சீசனிலேயே கோப்பை. பள்ளத்துக்கு முன்னால் ஏறுங்கள். பள்ளம் விழுந்த பிறகு, தேவை என்பதற்காக மிச்சத்தை எடுக்காதீர்கள். அடுத்த சுற்று வரை பொறுங்கள். 2013இல் 2ஆம் பிக்கில் போன லூக் ஜோகல் சோபிக்கவில்லை. அதே வருஷம் டேவிட் பாக்டியாரி நான்காம் சுற்றில், 109ஆம் பிக்கில் கிடைத்தார்.

ஆளைப் பார்க்கும் விதம். போனில் மூன்றாம் டவுன் (பந்தை முன்னால் கொண்டுபோகும் மூன்றாம் முயற்சி), போக வேண்டிய தூரம் அதிகம் என்ற ஆட்டமாகத் தேடி எடுங்கள். பந்தை மறந்துவிடுங்கள், டேக்கிளின் வெளிக்காலை மட்டும் பாருங்கள். பந்து நகர்ந்ததும் அந்தக் கால் பின்னால் சறுக்குகிறதா, அல்லது தூக்கி வைக்கிறதா? தூக்கி வைப்பவன் ஒரு கணம் ஒற்றைக் காலில் நிற்கிறான். ஓரத்திலிருந்து வருகிறவன் அந்தக் கணத்தில்தான் நெஞ்சில் இடிப்பான். நிறுத்தி, திரும்ப ஓட்டுங்கள். இடித்ததும் இடுப்பு கீழே இறங்கி நின்றால் ஆள் தேறுவான். முதுகு பின்னால் வளைந்தால் பெயரை அடித்துவிடுங்கள். கை நீளம் 33 அங்குலத்துக்குக் கீழே என்றால் டேக்கிள் பட்டியலிலிருந்து கார்ட் பட்டியலுக்கு மாற்றுங்கள். 2023இல் 32¼ அங்குலக் கையோடு வந்த பீட்டர் ஸ்கரான்ஸ்கியை டென்னசி கார்டாகத்தான் நிறுத்தியது.

நம் நேரப்படி முதல் சுற்று வெள்ளி காலை எட்டு மணிக்கு. இரவு ஷிப்ட் முடிந்து நேராகக் கடைக்கு வரலாம். இரண்டும் மூன்றும் சனி காலை. கடைசி நான்கு சுற்றுகள் சனி நள்ளிரவு தாண்டி ஓடும். பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள், நீங்கள் தூங்காதீர்கள். அந்தச் சுற்றுகளில் ஒரு லைன்மேனையாவது எடுத்தே ஆக வேண்டும் என்பது என் பிடிவாதம். கெல்சி 191ஆம் பிக். உடல்நலச் சந்தேகத்தால் தள்ளப்பட்ட டிரே ஸ்மித் 226. 2018இல் 233ஆம் பிக்கில் ஈகிள்ஸ் எடுத்த ஜோர்டன் மைலாட்டா ஆஸ்திரேலியாவில் ரக்பி லீக் ஆடியவர், அதுவரை ஒரு அமெரிக்கக் கால்பந்து ஆட்டம்கூட ஆடியதில்லை. அன்றைக்கு இடது டேக்கிளாக ஜேசன் பீட்டர்ஸ் இருந்தார், வயது 36. மைலாட்டா தொடக்க ஆட்டக்காரராக 2020 ஆகிவிட்டது. கற்றுக்கொள்ள அவருக்கு இரண்டு வருஷம் இருந்தது.