கல்லூரி உதவித்தொகை: பிள்ளையைத் தனியாக அனுப்பாதீர்கள்

கன்னியாகுமரி மாவட்டம் கருங்கலில் இ-சேவை மையம் நடத்துகிறேன். பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் என் மேஜைக்கு முன்னால் வந்து உட்காருவது பெரும்பாலும் பிள்ளைகள் மட்டும்தான். அப்பா ரப்பர் பால்வெட்டுக்குப் போயிருப்பார், அம்மா அண்டி ஆபீஸில், அதாவது முந்திரி ஆலையில் இருப்பார். ஆனால் விண்ணப்பம் கேட்கிற கேள்விகள் முக்கால்வாசி வீட்டைப் பற்றியவை. ஆண்டு வருமானம் எவ்வளவு? தாத்தா பாட்டியில் யாராவது பட்டம் வாங்கியவர்களா? அக்கா எந்தச் சலுகையில் படிக்கிறாள்? பிள்ளை முழிக்கும், அம்மாவுக்குப் போன் போடும், அம்மா வேலையில் எடுக்கமாட்டார். அதனால் முதல் வேலை, ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வீட்டில் ஒன்றாக உட்காருவது. ரேஷன் கார்டு, எல்லோருடைய ஆதார், டிசி, பாஸ்புக் எல்லாவற்றையும் பாயில் பரப்பிவைத்துப் பேசுங்கள்.

அதை ஏப்ரல், மே மாதத்திலேயே செய்துவிடுங்கள். நம் மாவட்டத்தில் ஜூன் பொல்லாத மாதம். மழையில் பால்வெட்டு நின்றுபோகும். குளச்சல் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். கையில் காசு இல்லாத அந்த நேரத்தில்தான் கல்லூரி முதல் தவணையைக் கேட்கும். உதவித்தொகை எதுவும் சேர்ந்த அன்றே கைக்கு வராது. ஆகவே முதல் தவணைக்கு வேறு வழி என்ன என்பதையும் அதே ஞாயிற்றுக்கிழமை பேசி முடித்துவிடுங்கள்.

வருமானச் சான்றிதழை முதலில் எடுங்கள். விஏஓ, ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்) பார்த்து மேலே போய் வர நாளாகும். கூலி வேலைக்காரர்கள் "என்ன தொகை போட?" என்று என்னிடம் கேட்பார்கள். அதை நான் சொல்லக்கூடாது. அப்பா வருமானம், அம்மா வருமானம் இரண்டையும் கூட்டி, மழைக்காலத்து வெறும் நாட்களையும் கணக்கில் எடுத்து, உண்மையான ஒரு தொகைக்கு வாருங்கள். அந்தத் தொகையையே எல்லா இடத்திலும் சொல்லுங்கள். பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர், ஆதிதிராவிடர், பழங்குடியினர் உதவித்தொகைகளுக்குக் குடும்ப வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். அதைத் தாண்டினாலும் மனம் தளர வேண்டாம். பிளஸ் டூவில் உயர்ந்த மதிப்பெண் எடுத்தவர்களுக்கான மத்திய அரசு உதவித்தொகைக்கு வரம்பு 4.5 லட்சம். பட்டப்படிப்பில் ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். அதற்குத் தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பித்துவிட்டு, கல்லூரி அலுவலகத்தில் போய், "சார், என் விண்ணப்பத்தைச் சரிபார்த்தாச்சா?" என்று கேளுங்கள். அவர்கள் சரிபார்க்காவிட்டால் அது அப்படியே கிடக்கும்.

வீடு கூடித் தீர்மானிக்க வேண்டியது முதல் பட்டதாரிச் சலுகை. தாத்தா பாட்டி இரு வழியிலும், அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்கள் யாரும் பட்டதாரியாக இருக்கக்கூடாது. பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் கவுன்சலிங் வழியாகச் சேர்ந்தால்தான் உண்டு, நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கிடையாது. தனியார் பொறியியல் கல்லூரியில் ஆண்டுக்கு 25,000 ரூபாய் கல்விக் கட்டணம் குறையும். ஒரு வீட்டில் ஒரு பிள்ளைக்குத்தான் இது. "அக்கா, பெரியவளுக்கு வாங்கின மாதிரி சின்னவனுக்கும் போட்டுருங்க" என்று வருகிறவர்களிடம் முடியாது என்று சொல்ல எனக்கே வருத்தமாக இருக்கும். இன்னொன்றும் பலருக்குத் தெரிவதில்லை. மூத்தவள் சலுகை எதுவும் வாங்காமல் பி.ஏ. முடித்திருந்தாலும், இளையவன் முதல் பட்டதாரி ஆகமாட்டான். யாருக்கு இது அதிகம் பயன்படும் என்பதை மூத்த பிள்ளை பிளஸ் டூவில் இருக்கும்போதே பேசிவிடுங்கள்.

மாதம் 1,000 ரூபாய் தருகிற புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களுக்கு வருமான வரம்பு இல்லை. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில், அல்லது அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும். நம் ஊரில் மிஷன் பள்ளிகளில் பல உதவி பெறும் பள்ளிகள். அதனால் "நமக்குக் கிடையாது" என்று விட்டுவிடாதீர்கள். கல்லூரி வழியாகத்தான் விண்ணப்பம், வேறு உதவித்தொகை வாங்கினாலும் இதுவும் கிடைக்கும். அப்பாவோ அம்மாவோ கட்டுமானம், மீனவர் போன்ற நலவாரியங்களில் உறுப்பினர் என்றால் அங்கேயும் பிள்ளைகளுக்குக் கல்வி உதவி உண்டு. அட்டையைப் புதுப்பித்திருக்கிறீர்களா என்று பாருங்கள்.

அப்புறம் வங்கிக் கணக்கு. கணக்கு பிள்ளையின் பெயரிலேயே இருக்க வேண்டும், ஆதாரோடு இணைந்திருக்க வேண்டும். வங்கியில் ஆதார் நகல் கொடுத்தது வேறு, அரசுப் பணம் வந்து விழும் கணக்காக அதை இணைப்பது வேறு. ஒரு பெண், தோழிகளுக்கெல்லாம் பணம் வந்தும் தனக்கு வரவில்லை என்று கண் கலங்கி வந்தாள். ஆதார் இணையதளத்தில் அவள் எண்ணைப் போட்டு, ஓடிபி வாங்கிப் பார்த்தால், திரையில் வேறு வங்கியின் பெயர். "மக்ளே, இந்த பாங்கில உனக்குக் கணக்கு இருக்கா?" என்றேன். ஸ்கூலில் படிக்கும்போது தொடங்கி மறந்துபோன கணக்கு. பாஸ்புக் பதிய வைத்ததும் அத்தனை மாதப் பணமும் அதில் இருந்தது. ஓடிபி வருகிற போன் அப்பாவிடம் இருந்தால், அவர் கடலுக்குப் போகுமுன் இந்த வேலையை முடித்துவிடுங்கள். ஆதார், டிசி, பாஸ்புக் மூன்றிலும் பெயரும் இனிஷியலும் ஒன்றுபோல இருக்கிறதா என்றும் அப்போதே பாருங்கள்.

இதெல்லாம் போதாதபோதுதான் கல்விக் கடன். வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பித்துவிட்டு வங்கிக்குப் போங்கள். வாய்வார்த்தையாகக் கேட்டு, வாய்வார்த்தையாகவே திருப்பி அனுப்பப்பட்ட தகப்பன்மார் பலரைப் பார்த்திருக்கிறேன். இணையத்தில் போட்டால் மறுப்புக்கும் பதிவு இருக்கும். 4 லட்சம் வரை சொத்து அடமானம் கேட்கக்கூடாது. பெற்றோர் கூட்டுக் கடன்தாரராகக் கையெழுத்திட வேண்டும். படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை இல்லை, ஆனால் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். வட்டி மானியத்துக்குத் தகுதி உண்டா என்று வங்கியிலேயே கேளுங்கள், வருமானச் சான்றிதழ் அங்கேயும் வேலைக்கு வரும்.

நர்சிங் என்று பெங்களூருக்கு அனுப்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஏஜென்டிடம் முன்பணம் கொடுக்குமுன், இங்கே கிடைக்கிற உதவிகளில் எவை அங்கே கிடைக்காது என்று கூட்டிப் பாருங்கள். புதுமைப் பெண் பணம் தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் படித்தால்தான்.

எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போட்டு, விண்ணப்ப எண்களை மேலட்டையிலேயே எழுதிவையுங்கள். இரண்டாம் ஆண்டு, முன்னே சொன்ன மத்திய அரசு உதவித்தொகையைப் புதுப்பிக்க 50 சதவீத மதிப்பெண்ணும் 75 சதவீத வருகையும் வேண்டும். புதுப்பிக்க வரும்போது அந்த ஃபைலோடு அம்மாவோ அப்பாவோ கூட வாருங்கள்.