பல வருடம் ஓடாமல் நின்ற பழைய கார்: எடுக்கலாமா, விட்டுவிடலாமா?

ஷெட்டில் கிடக்கும் பழைய காரைப் பார்க்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது “என்ஜின் ஓடுமா?” என்றுதான். அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளுங்கள். என்ஜின் வேலைக்கு எவ்வளவு ஆகும் என்று நல்ல மெக்கானிக் ஓரளவு முன்பே சொல்லிவிடுவார். துருப்பிடித்த தகடு அப்படியில்லை. வெட்ட வெட்டத்தான் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று தெரியும். பாதியில் நின்றுபோகும் வண்டிகள் பெரும்பாலும் டிங்கரிங்கில்தான் நிற்கின்றன.

போகும்போது நல்ல டார்ச், மெல்லிய துணி சுற்றிய சின்னக் காந்தம், ஸ்க்ரூடிரைவர், ஜாக்கி, கீழே படுத்துப் பார்க்க ஒரு பழைய போர்வை கொண்டுபோங்கள்.

அடியிலிருந்து ஆரம்பியுங்கள். கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் சில், தரைத் தகடு, ஸ்பிரிங் மாட்டியிருக்கும் இடங்கள், முன்கதவு கீல் இருக்கும் தூணின் அடி, பேட்டரித் தட்டு, முன்கண்ணாடியின் கீழ் மூலைகள், டிக்கித் தரை. ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் தட்டினால் நல்ல தகடு கணீரென்று கேட்கும். இற்றுப்போனது பொத்தென்று அமுங்கும். இரும்பு பாடியில் காந்தம் பிடிக்காமல் வழுக்கும் இடத்தில் உள்ளே தடிமனாகப் பட்டி பூசியிருக்கிறார்கள். புதுப் பெயின்ட் பளபளக்கும் வண்டியில் இந்தச் சோதனை இன்னும் அவசியம். பல வருடம் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள் என்றால் சந்தோஷப்படாதீர்கள்: ஈரம் உள்ளேயே அடைபட்டு, திறந்த ஷெட்டில் நின்றதைவிட மோசமாகத் துருவேறியிருக்கலாம்.

தனிச் சேசிஸ் இல்லாத, பாடியே எலும்புக்கூடாக இருக்கும் கார்களுக்கு ஒரு சோதனை உண்டு. முன்கதவைச் சுற்றியுள்ள இடைவெளியைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஜாக்கி வைக்கும் இடம் உறுதியாக இருந்தால், அந்தப் பக்கச் சக்கரம் தரையை விட்டு எழும்வரை தூக்கி, கதவைத் திறந்து மூடுங்கள். இடைவெளி மாறினாலோ, கதவு இடித்தாலோ சில் பலமிழந்துவிட்டது. கூரை மடக்கும் கார்கள் இயல்பாகவே கொஞ்சம் வளையும். அங்கே லேசான மாற்றத்தை மன்னிக்கலாம். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள். தனிச் சேசிஸ் உள்ள வண்டியில் பாடித் துரு அவ்வளவு பயமில்லை, சேசிஸ் சட்டங்கள் கெட்டியாக இருந்தால்.

அடுத்தது, என்னென்ன இல்லை என்ற கணக்கு. பிஸ்டனும் பேரிங்கும் பெரும்பாலும் தேடினால் கிடைக்கும். அந்த மாடலுக்கே உரிய குரோம் பட்டை, வளைந்த பின்கண்ணாடி, விளக்குக் கண்ணாடி, டேஷ்போர்டு மீட்டர் இவையெல்லாம்தான் வருடக்கணக்கில் அலையவிடும். “எல்லாம் பெட்டியில பத்திரமா இருக்கு” என்றால் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள்.

இப்போது என்ஜின். முதலிலேயே ஸ்டார்ட்டரைத் தொட வேண்டாம். என்ஜின் ஆயில் தங்கும் தொட்டியின் அடி போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்துங்கள். தண்ணீர் கலந்திருந்தால் அடியில் தங்கி முதலில் அதுதான் வரும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் சுமார் 30 மில்லி துரு நீக்கும் எண்ணெய் ஊற்றி ஓரிரு நாள் ஊறவிட்டு, கிராங்க் புல்லி போல்ட்டில் ஸ்பேனர் போட்டுக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். எங்கேயாவது தடுத்தால் அழுத்தாதீர்கள். ஒட்டிக்கொண்ட வால்வு, அதைத் தள்ளும் கம்பியான புஷ்ராடை வளைத்துவிடும். தாராளமாகச் சுற்றினால் கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம், எவ்வளவு என்று பாருங்கள். பழைய பெட்ரோல் என்ஜினில் சிலிண்டர்களுக்குள் வித்தியாசம் 10–15 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது. குறைந்த சிலிண்டரில் ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டதும் அளவு ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கட். சுற்றவே இல்லையென்றாலும் வண்டி செத்துவிட்டதாக அர்த்தமில்லை, முழு என்ஜின் வேலைச் செலவைக் கணக்கில் சேர்த்துவிடுங்கள், அவ்வளவுதான்.

பிரேக் சிலிண்டர்கள், ஹோஸ்கள், டயர், பெட்ரோல் டேங்க் சுத்தம், கார்புரேட்டர் கிட், எலி கடித்த வயரிங்: இவை எந்த வண்டிக்கும் வரும் செலவு, யோசிக்க ஒன்றுமில்லை. டயரில் மட்டும் ஒரு துப்பு இருக்கிறது. டயரின் பக்கவாட்டில் டிஓடி (DOT) என்று தொடங்கும் குறியீட்டின் கடைசியில் 2308 என்றிருந்தால் 2008-ன் 23-வது வாரம் செய்தது. மூன்றே இலக்கம் என்றால் 2000-க்கு முந்தையது. “அஞ்சு வருஷமாத்தான் நிக்குது” என்ற பேச்சை இதை வைத்துச் சரிபார்க்கலாம்.

சேசிஸ் எண் ஆவணத்தோடு பொருந்தாவிட்டால் பேரமே பேசாதீர்கள். பொருந்தினால், டிங்கர் ஒருவரிடம் வண்டியை நேரில் காட்டி மதிப்பீடு வாங்கி, அதன் மேல் பாதியைக் கூட்டுங்கள். அதோடு பெயின்ட், மெக்கானிக், உள் வேலை, வாங்கும் விலை எல்லாம் சேர்ந்து, அதே மாடல் நன்றாக ஓடும் நிலையில் விற்கும் விலையைத் தாண்டினால், ஓடும் வண்டியையே வாங்குவது லாபம். குடும்ப வண்டி என்றால் இந்தக் கணக்கு உங்களைத் தடுக்காது, தெரிந்ததுதான். ஆனாலும் போட்டுப் பார்த்துவிட்டு இறங்குங்கள். சில்லும் தூணும் போய், குரோமும் கண்ணாடியும் முழுசாக இருக்கிறதா? அது பார்ட்ஸ் வண்டி. அந்த விலைக்கே பேசுங்கள்.