பயிற்சி முகாமுக்குக் கடிதம் எழுதுவோர் கவனத்துக்கு

குன்னூரை அடுத்த வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமெண்ட் மையம் போன்ற இராணுவப் பயிற்சி நிலையங்களில் இருக்கும் மகனுக்கோ தம்பிக்கோ கடிதம் அனுப்பும்போது, உங்கள் வீட்டு முகவரியைப் பின்கோடுடன் முன்பே எழுதிய வெற்று இன்லண்ட் லெட்டர் ஒன்றையும் உறைக்குள் வைத்து அனுப்புங்கள்.

விடியலில் தொடங்கும் உடற்பயிற்சி, அணிவகுப்பு, ஆயுதப் பயிற்சி என்று நாள் முழுவதும் ஓடும் பயிற்சி வீரருக்கு எழுதக் கிடைப்பது சிறிது நேரமே. அந்த நேரத்தில் அஞ்சல்தலையும் உறையும் தேடவேண்டிய நிலை இருந்தால், பதில் அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போகும். இன்லண்ட் லெட்டரில் தாள், உறை, அஞ்சல்தலை மூன்றும் ஒன்றாகவே இருப்பதால், நான்கு வரி எழுதி மடித்து ஒட்டிப் பெட்டியில் போட்டுவிடலாம். அதன் எடையும் சில கிராம்தான் என்பதால், உங்கள் கடிதம் ஓரிரு தாள்களுக்குள் இருந்தால் மொத்தம் 20 கிராமைத் தாண்டாது. கூடுதல் அஞ்சல்தலை தேவைப்படாது. (விளிம்புப் பசை சரியாக ஒட்டாவிட்டால், மெஸ்ஸில் கிடைக்கும் சோற்றுப் பருக்கை போதும்.)

ஆனால் நீங்கள் எழுதும் கடிதமே இன்லண்ட் லெட்டராக இருந்தால் இது பொருந்தாது. அதற்குள் எதையும் வைத்து அனுப்ப அஞ்சல் விதி இடம் தராது. பயிற்சி முடியும் தறுவாயிலும் இதைத் தவிர்ப்பது நல்லது, ஏனெனில் வீரர் படைப்பிரிவுக்குச் சென்றதும் அவருடைய முகவரி மாறிவிடும்; உங்கள் கடிதம் அவர் கையில் சேராமல் போகலாம். வீட்டில் யாருக்கேனும் உடல்நலம் மோசமானால், கடிதத்தை நம்பாமல் வீரருடைய கம்பெனி (பயிற்சி மையத்தில் அவர் சேர்ந்திருக்கும் படை அணி) அலுவலகத்தைத் தொலைபேசியில் அழையுங்கள்.