ட்ராவல் ட்ரெய்லர்: பக்கத்து டீலரா, ஆயிரம் மைல் தள்ளி இருக்குற டீலரா?

அமெரிக்கால ட்ராவல் ட்ரெய்லர், அதாவது ட்ரக் பின்னாடி மாட்டி இழுத்துட்டு போற வீடு மாதிரி வண்டி, வாங்கலாம்னு நெட்ல தேட ஆரம்பிச்சா சீக்கிரமே ஒண்ணு கண்ணுல படும். அதே மாடல், அதே வருஷம், அதே ஃப்ளோர் பிளான், ஆனா டெக்சாஸோட டல்லாஸ் பக்கம் ஒரு விலை, இண்டியானா ஒஹாயோ மிச்சிகன்ல இருக்குற பெரிய டீலர்கிட்ட அத விட 3000, 4000 டாலர் கம்மி. ஏதோ கோல்மால்னு நினைக்க வேண்டாம், பெரும்பாலும் நிஜ விலைதான். இந்த நாட்டு ஆர்விகள்ல (இந்த மாதிரி தங்குற வசதி இருக்குற வண்டிங்க) 80 சதவீதம் கிட்ட இண்டியானாவோட எல்க்ஹார்ட் வட்டாரத்துலதான் தயாராகுது, ஜேகோ மிடில்பரில, கீஸ்டோன் கோஷென்ல, ஃபாரஸ்ட் ரிவர் எல்க்ஹார்ட்லயே. அங்கேர்ந்து டெக்சாஸுக்கோ கலிஃபோர்னியாவுக்கோ ஒரு ட்ரெய்லர இழுத்துட்டு வர்ற செலவு யார் தலையில விழும், நம்ம தலையிலதான், ஃப்ரெயிட்னு பில்லுல ஒரு வரி வரும் இல்லன்னா விலைக்குள்ளயே ஒளிஞ்சிருக்கும். ஃபேக்டரிக்கு பக்கத்துலயே கடை போட்டிருக்குற டீலருக்கு அந்த செலவு ரொம்ப கம்மி, அதோட விக்கிற எண்ணிக்கையும் ஜாஸ்தி, அதனால ஒரு வண்டில லாபம் குறைஞ்சாலும் அவங்களுக்குக் கட்டுப்படியாகும்.

அப்போ கிளம்பி இண்டியானா போயிடலாமான்னு கேட்டா, முதல்ல பேப்பர எடுத்து கணக்கு போடுங்க. உதாரணத்துக்கு உள்ளூர் விலை 33,500, அங்க 29,500, வித்தியாசம் 4000. டல்லாஸ்லேர்ந்து எல்க்ஹார்ட் சுமார் 1000 மைல். போகும்போது காலி ட்ரக் கேலனுக்கு 18 மைல் குடுத்தா 56 கேலன், திரும்பும்போது பின்னாடி ட்ரெய்லர் இருக்கு, 10 மைல் குடுத்தாலே கும்பிடு போடலாம், அது 100 கேலன். கேலன் 3 டாலர்னு வெச்சா பெட்ரோலுக்கு மட்டும் 470 கிட்ட. ஹோட்டல், சாப்பாடு 500, தனியா ஒரு இன்ஸ்பெக்டர் வெச்சா (வைக்கணும், கீழ சொல்றேன்) ஒரு 700. மிச்சம் 2300 சொச்சம், இதுல உங்க லீவு நாள் கணக்கு சேக்கவே இல்ல. ஆள் வெச்சு இழுத்துட்டு வரச் சொன்னா மைல் கணக்குல வாங்குவாங்க, மைலுக்கு 2 டாலர்னாலே 2000 போச்சு. இப்படி கழிச்சு பாத்துட்டு அப்புறமும் நல்ல தொகை மிஞ்சுதுன்னா மேல படிங்க, இல்லன்னா உள்ளூர்லயே முடிச்சுக்கோங்க.

வேற ஸ்டேட்ல வாங்கினா டாக்ஸ் மிச்சம்னு ஒருத்தர் கண்டிப்பா சொல்வார். நம்பாதீங்க, வண்டிய எங்க ரிஜிஸ்டர் பண்றீங்களோ அங்க கட்டித்தான் ஆகணும். டெக்சாஸ்னா 6.25 சதவீதம், கவுண்டி டாக்ஸ் ஆபீஸ்ல டைட்டில் (ஓனர்ஷிப் பேப்பர்) மாத்த போகும்போது கேப்பாங்க, வேற ஸ்டேட்ல கட்டின ரசீது இருந்தா அத கழிச்சுக்குவாங்க.

இப்போ முக்கியமான இடத்துக்கு வரேன். புது ட்ரெய்லர்னா முதல் வருஷம் ஏதாவது ஒண்ணு வரும், எவ்வளவு பெரிய பிராண்டா இருந்தாலும் வரும், ஸ்லைட் (நிறுத்தினப்புறம் வெளிய தள்ளி இடத்த பெருசாக்குற பகுதி) ஒரு பக்கம் சாஞ்சு நிக்கும், சிங்குக்கு கீழ ஒரு ஃபிட்டிங் கசியும், ஃப்ரிட்ஜ் கேஸ்ல ஓடாது. வாரண்டி குடுக்குறது கம்பெனி, நிறைய பிராண்டுக்கு ஒரு வருஷம்தான், ஆனா வேலை செய்யுறது டீலரோட சர்வீஸ் ஆளுங்க. அந்த வேலைக்கு கம்பெனி டீலருக்கு குடுக்குற மணிக்கணக்கும் ரேட்டும், நேர்ல கஸ்டமர் காசு குடுக்குற வேலைய விட பெரும்பாலும் கம்மி, அதுக்கும் போட்டோ எடுத்து அனுப்பி முன்கூட்டியே அனுமதி வாங்கணும், பார்ட்ஸ் வர வாரக்கணக்குல ஆகும். அவர் இடத்துல நீங்க இருந்தா என்ன பண்ணுவீங்க? தன்கிட்ட வாங்கினவனுக்கு முதல்ல செஞ்சு குடுப்பீங்க, எங்கயோ வாங்கிட்டு வந்தவன வரிசையில கடைசில நிறுத்துவீங்க, சில பேர் வேற இடத்துல வாங்கின வண்டிய தொடவே மாட்டேன்னு சொல்லிடுவாங்க, அப்படி சொல்ல அவங்களுக்கு உரிமையும் உண்டு. ஏப்ரல்ல உள்ள விட்ட வண்டி ஆகஸ்ட்ல வெளிய வந்தா அந்த சீசனே போச்சு, 2300 டாலர் மிச்சம் புடிச்சு என்ன பிரயோஜனம். லெமன் லா (திரும்பத் திரும்ப ரிப்பேர் ஆகுற புது வண்டி வாங்கினவங்கள காப்பாத்துற சட்டம்) இருக்கேன்னு நினைக்காதீங்க, பல ஸ்டேட்ல அது மோட்டார் இருக்குற வண்டிக்குத்தான், இழுத்துட்டு போற ட்ரெய்லருக்கு வராது.

அதனால விலைய பேசுறதுக்கு முன்னாடி ஒரு போன் பண்ணுங்க. உங்க வீட்லேர்ந்து ஒரு மணி நேரத்துக்குள்ள அதே பிராண்ட் வெச்சிருக்குற டீலரோட சர்வீஸ் டிபார்ட்மென்ட்டுக்கு, சேல்ஸுக்கு இல்ல, சேல்ஸ்ல எது கேட்டாலும் ஓகேன்னுதான் சொல்வாங்க. "இந்த பிராண்ட் வண்டி வேற டீலர்கிட்ட வாங்கினா வாரண்டி வேலை எடுப்பீங்களா, இப்போ கொண்டு வந்தா எத்தனை வாரம் ஆகும்?" இந்த ரெண்டு கேள்வி போதும். ரெண்டாவது கேள்விக்கு சொந்த கஸ்டமருக்கே எட்டு வாரம்னு பதில் வந்துச்சுன்னா உள்ளூர்ல வாங்கியும் பெருசா லாபம் இல்லன்னு தெரிஞ்சுரும். அப்படி இருக்குற ஊர்ல மொபைல் டெக்னீஷியன், அதாவது வீட்டுக்கே வந்து பாக்குற ஆள், யாராவது இருக்காரான்னு தேடுங்க, சில கம்பெனிங்க முன்கூட்டி கேட்டா அவங்க பில்லையும் வாரண்டில ஏத்துக்குவாங்க. ஆக்சில், ஃப்ரிட்ஜ், வாட்டர் ஹீட்டர் இதுக்கெல்லாம் லிப்பர்ட், டொமெடிக் மாதிரி அந்தந்த கம்பெனியோட தனி வாரண்டி இருக்கு, அத டீலர் வழியா போகாம நேராவே கேக்கலாம். கூரை, சுவர், ஃப்ரேம் மாதிரி பெரிய வேலைக்குத்தான் டீலர் இல்லாம கதி இல்ல.

இன்னொரு வழி, எனக்கு புடிச்ச வழி இதுதான்: தூரத்து டீலர்கிட்ட எழுத்துல விலை வாங்குங்க, அதுவும் அவுட் த டோர் விலை, டாக் ஃபீ (பேப்பர் வேலைக்கு), ப்ரெப் ஃபீ (வண்டிய தயார் பண்ண), ஃப்ரெயிட் எல்லாம் சேத்து. விளம்பரத்துல 29,500ன்னு போட்டுட்டு கடைசில ப்ரெப், பேட்டரி, ப்ரொபேன் ஃபில்னு 1500 ஏத்துறவங்க அங்கயும் உண்டு. அந்த பேப்பர உள்ளூர் டீலர் முன்னாடி வெச்சு, அதே விலைக்கு குடுன்னு கேக்காதீங்க, அவரால முடியாது, ஃப்ரெயிட் நிஜமாவே அவருக்கு செலவுதான். பாதி வழிக்கு வாங்கன்னு கேளுங்க. 4000 வித்தியாசத்துல 1800, 2000 இறங்கினாருன்னா கைய குலுக்கிட்டு வாங்கிருங்க. செப்டம்பர்லேர்ந்து ஜனவரி வரைக்கும் கேட்டா இறங்குவாங்க, பழைய மாடல் வருஷ வண்டி லாட்ல (டீலர் வண்டி நிறுத்துற இடம்) சும்மா நின்னுட்டு இருக்கும், அதுக்கு வாங்கின கடனுக்கு டீலர் வட்டி கட்டிட்டு இருப்பார்.

உள்ளூர்ல உங்களுக்கு வேணுங்குற மாடலே இல்ல, இல்லன்னா ஒரு பைசா இறங்க மாட்டேங்குறாங்க, தூரம்தான் போகணும்னா இத பாத்துக்கோங்க. டெபாசிட் கிரெடிட் கார்டுல மட்டும், திருப்பி தருவோம்னு எழுத்துல. பேங்க்லேர்ந்து நேரா பணத்த வயர் பண்ணுன்னு முதல்லயே அவசரப்படுத்தினா அங்கயே நிறுத்துங்க, போலி டீலர் வெப்சைட் போட்டு ஏமாத்துறதும் நடக்குது. உங்களுக்குன்னு ஒதுக்கின வண்டியோட விஐஎன் நம்பர் (ஒவ்வொரு வண்டிக்கும் தனியா இருக்குற அடையாள நம்பர்), கதவு பக்கத்துல ஒட்டியிருக்குற மஞ்ச ஸ்டிக்கர், டயர் சைட்ல இருக்குற டாட் கோட் (எப்போ செஞ்சதுன்னு காட்டுற நம்பர்), மூணுக்கும் போட்டோ கேளுங்க. மஞ்ச ஸ்டிக்கர்ல எவ்வளவு சாமான் ஏத்தலாம்னு பவுண்ட்ல போட்டிருக்கும், பிரோஷர்ல இருக்குறத விட அது கம்மியா இருக்கும், ஏன்னா ஏசி, ஆனிங் (வெளிய விரிக்குற நிழல் துணி) அப்படின்னு ஆப்ஷன் சேர சேர வெயிட் ஏறும். டயர் கோட்ல கடைசி நாலு நம்பர் 3523ன்னா 2023ல 35வது வாரம் செஞ்ச டயர்.

குளிர்காலத்துல போகாதீங்க, விலை கம்மியா இருந்தாலும். இண்டியானால அப்போ பைப்புக்குள்ள பிங்க் கலர் ஆண்டிஃப்ரீஸ் ஊத்தி வெச்சிருப்பாங்க, பெரும்பாலும் தண்ணி விட்டு செக் பண்ண மாட்டாங்க, கசிவு எல்லாம் நீங்க வீட்டுக்கு வந்து மார்ச்ல தண்ணி விடும்போதுதான் தெரியும், அப்போ டீலர் ஆயிரம் மைல் தள்ளி. அக்டோபர்க்குள்ள போயிடுறது நல்லது.

இன்ஸ்பெக்டர் விஷயம். என்ஆர்விஐஏ (ஆர்வி இன்ஸ்பெக்டர்களோட தேசிய சங்கம்) சர்டிஃபிகேட் வெச்சிருக்குற, டீலருக்கு சம்பந்தம் இல்லாத ஆள புடிங்க, பணம் கட்டுறதுக்கு முந்தின நாள் வரச் சொல்லுங்க, உள்ள விட மாட்டோம்னு டீலர் சொன்னா அந்த டீலரே வேண்டாம். நீங்களும் கூடவே இருந்து பாருங்க. தண்ணிய பம்ப் போட்டு ஒரு தடவை, வெளிய ஹோஸ் கனெக்ட் பண்ணி ஒரு தடவை விட்டு, சிங்குக்கு கீழ, டாய்லெட் பின்னாடி, வாட்டர் ஹீட்டர் பக்கத்துல இருக்குற ஒவ்வொரு ஜாயிண்ட்டயும் காஞ்ச டிஷ்யூ பேப்பரால சுத்தி துடைங்க, கண்ணுக்கு தெரியாத ஈரம் பேப்பர்ல தெரிஞ்சுரும். ஃப்ரிட்ஜ முந்தின நாளே ஆன் பண்ணி வைக்க சொல்லுங்க, அது குளிர மணிக்கணக்குல ஆகும், நீங்க வந்தப்புறம் ஆன் பண்ணா ஒண்ணும் தெரியாது. கூரை மேல ஏறி வென்ட் சுத்தி சீலன்ட் விட்டிருக்கான்னு பாருங்க.

பணம் கட்டின அன்னைக்கே ஹைவேல ஏறிடாதீங்க. டீலர் லாட்லயே கரண்ட், தண்ணி கனெக்ஷன் இருந்தா அங்க ஒரு ராத்திரி, இல்லன்னா பக்கத்துல ஒரு கேம்ப்கிரவுண்ட்ல ரெண்டு ராத்திரி தங்கி அடுப்பு, ஃபர்னேஸ் (அறைய சூடாக்குற ஹீட்டர்), ஷவர், ஸ்லைட் எல்லாத்தயும் ஓட்டி பாருங்க. வர்ற குறைய காலைல லிஸ்ட்டா குடுத்தா அன்னைக்கே ஆள் அனுப்புவாங்க, டல்லாஸ்லேர்ந்து போன் பண்ணா அந்த வேகம் இருக்காது. இன்ஷூரன்ஸுக்கு கிளம்புறதுக்கு முன்னாடியே சொல்லிருங்க, ட்ரக் பாலிசி பெரும்பாலும் அடுத்தவங்க வண்டில இடிச்சா மட்டும்தான் உதவும், ட்ரெய்லருக்கு அடி பட்டா வராது. டெம்பரரி டேக் (தற்காலிக நம்பர் பிளேட்) எத்தனை நாளுக்குன்னு பாத்து வாங்குங்க.

ஹைவேல ஏறின உடனே சந்தோஷத்துல மிதிக்காம 10, 25, 50 மைல்ல ஓரம் கட்டி டார்க் ரெஞ்ச் (நட்ட சரியான அளவுக்கு இறுக்குற ஸ்பேனர்) வெச்சு வீல் நட்ட செக் பண்ணுங்க, புது வீல் நட்டு கொஞ்சம் லூஸாகும். அப்படியே ஒவ்வொரு ஹப் (சக்கரத்தோட நடுப்பகுதி) பக்கத்துலயும் கைய கொண்டு போய் சூடு பாருங்க. ஒண்ணு மட்டும் மத்தத விட கொதிக்குதுன்னா பேரிங்கோ பிரேக்கோ ஏதோ சரியில்ல, இன்னும் 50 மைல்தான் வந்திருக்கீங்க, சத்தம் போடாம திருப்பி டீலர்கிட்டயே கொண்டு போய் நிறுத்துங்க.