வட்டியில்லாக் கடன்தான் அதிகம் தின்றது: ஒரு கோத்தகிரி வீட்டுக் கணக்கு

கோத்தகிரிப் பக்கம் எங்களுக்கு ஒரு ஏக்கர் தேயிலை இருக்கிறது. வீட்டுக்காரர் பிக்கப் ஓட்டுகிறார். கொழுந்து பறிப்பதும் வீட்டுக் கணக்கும் என் பொறுப்பு. 2024 தை மாதத்தில் பனி விழுந்து கொழுந்து கருகிக் கிடந்தது, நாலு இடத்தில் கடன், அதோடு வழக்கத்தைவிடப் பல மடங்கு கரண்ட் பில் வந்து நின்றது. அன்று ராத்திரி பிள்ளையின் பழைய நோட்டில் ஒரு பக்கத்தைக் கிழித்து எழுத ஆரம்பித்தேன். அந்த ஒரு பக்கத்தை எப்படி எழுதுவது என்பதைத்தான் முதலில் சொல்கிறேன். மற்றதெல்லாம் அதிலிருந்து வந்ததுதான்.

ஒவ்வொரு கடனுக்கும் ஒரு வரி போதும். இன்னும் எவ்வளவு பாக்கி, மாதம் எவ்வளவு கொடுக்கிறோம், அதில் வட்டி எவ்வளவு, அந்த வட்டி நூறு ரூபாய்க்கு மாதம் எத்தனை ரூபாய் ஆகிறது. கடைசிக் கணக்குதான் முக்கியம். பாங்க் வருடத்துக்கு இத்தனை சதவீதம் என்று சொல்லும், பக்கத்து ஊர்க்காரர் இத்தனை வட்டி என்பார், குழுவில் வாரத் தவணையாகச் சொல்வார்கள். எல்லாவற்றையும் நூற்றுக்கு மாதம் இவ்வளவு என்று ஒரே அளவுக்குக் கொண்டுவந்தால்தான் எது எதைவிடக் கனம் என்று தெரியும்.

என் பக்கத்தில் இருந்தது இதுதான். ஒருவரிடம் மூன்று வட்டிக்கு வாங்கிய 20,000. மாதம் 600 ரூபாய், 14 மாதமாகக் கொடுத்திருந்தோம். 8,400 ரூபாய் போயும் அசல் அப்படியே 20,000. அப்புறம் மகளிர் குழுவில் எடுத்த 50,000. மளிகைக் கடைப் பாக்கி 6,000. நாலாவது, இலை வாங்குபவரிடம் வாங்கிய முன்பணம் 10,000. இதற்கு வட்டி இல்லை, இலையைத் தங்களுக்கே போட்டால் போதும் என்றுதான் கொடுத்தார்கள்.

அந்த நாலாவது வரியில் வட்டிக்கு நேராக ‘இல்லை’ என்று எழுதிவிட்டு, மறுநாள் தோட்டத்தில் நாத்தனாரிடம் பேச்சுவாக்கில் அவள் இலைக்கு என்ன விலை கிடைத்தது என்று கேட்டேன். அதே வாரம், அதே ரக இலை, எங்களைவிடக் கிலோவுக்கு ஒரு ரூபாய் அதிகம். நம்பாமல் இரண்டு பேரும் இலை போட்ட சீட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஆறு மாதச் சீட்டிலும் அதே ஒரு ரூபாய் வித்தியாசம். எங்கள் தோட்டத்தில் சராசரியாக மாதம் 400 கிலோ இலை வரும். அப்படியென்றால் மாதம் 400 ரூபாய். 10,000-க்கு 400 என்றால் நாலு வட்டி. மூன்று வட்டிக்காரரைத் திட்டிக்கொண்டிருந்த வீட்டில், அதைவிடப் பெரிய வட்டி சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. அன்றைக்கு எனக்கு வந்த அழுகை இன்னும் நினைவிருக்கிறது.

அதனால் முன்பணம் வாங்கி இலை போடும் எல்லோருக்கும் சொல்கிறேன், தயவுசெய்து சீட்டை எடுத்து முன்பணம் வாங்காதவர் சீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். காய்கறி போடுபவர்களுக்கும் இதே கணக்குதான். கேரட்டுக்கும் பூண்டுக்கும் முன்பணம் கொடுத்த மண்டியிலேயே போட வேண்டியிருக்கும், விலையில் குறைவதுதான் வட்டி. மளிகைப் பாக்கியையும் அப்படியே பாருங்கள். பாக்கி இருக்கும் கடையில் விலை கேட்க வாய் வராது. எண்ணெயும் பருப்பும் கூடுதல் விலைக்கு வாங்கிவருவோம்.

குழுக்கடனில் வேறொரு கணக்கு இருக்கிறது. 12 சதவீதம் என்றார்கள். மேலோட்டமாக ஒரு வட்டிதானே என்று தோன்றும். ஆனால் 50,000-க்கு இரண்டு வருடத்துக்கு மொத்தமாக 12,000 வட்டி சேர்த்து, 62,000-ஐ 24 ஆகப் பிரித்து மாதம் 2,584 கட்டச் சொன்னார்கள். நாம்தான் மாதாமாதம் அசலைத் திருப்பிக் கொடுக்கிறோமே, கடைசி மாதம் நம் கையில் இருப்பது 2,500 ரூபாய் அளவுதான். அப்போதும் 50,000-க்கு உண்டான வட்டியையே கட்டுகிறோம். குறையும் அசலுக்குக் கணக்குப் போட்டால் இது வருடத்துக்கு 21 சதவீதத்துக்கு மேல் வருகிறது. கடன் வாங்கும்போது ‘குறையும் பாக்கிக்கு வட்டியா, முழுத் தொகைக்கா’ என்ற ஒரு கேள்வியைக் கேட்டுவிடுங்கள்.

ஆக வரிசை தெரிந்துவிட்டது. நாலு வட்டி முதலில், மூன்று அடுத்தது, குழு அதற்குப் பிறகு. சின்னக் கடனை முதலில் அடைத்தால் மனதுக்குத் தெம்பு என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அதிகம் தின்பதை முதலில் அடைக்க வேண்டும்.

எப்படி அடைப்பது? என் இரண்டு வளையலைக் கூட்டுறவு சங்கத்தில் வைத்து 30,000 வாங்கினோம். வட்டி நூற்றுக்கு ஒரு ரூபாய்க்குள்தான், ஒரு ரூபாய் என்றே வைத்துக்கொண்டேன். இரண்டு கடனும் அன்றே தீர்ந்தது. முன்பு மாதம் 1,000 ரூபாய் வட்டியாகவே போனது, இப்போது 300. ஆனால் மிச்சம் 700-ஐ வீட்டுச் செலவில் விடவில்லை. அந்த 1,000-ஐ அப்படியே சங்கத்தில் கட்டினேன். 1,000 மட்டும் கட்டினால் 36 மாதம் ஆகும். மகளிர் உரிமைத்தொகை 1,000-ஐயும் சேர்த்து மாதம் 2,000 கட்டினால் 17 மாதம். அப்படித்தான் கட்டினேன். ஒரு வருடக் கெடு முடிந்தபோது 8,400 சொச்சம் பாக்கி. வட்டி தீர்த்து, மிச்சத்துக்கு மறுபடி வைத்து, அடுத்த ஐந்து மாதத்தில் மீட்டோம்.

நகை வைப்பதில் கவனம் தேவை. பழைய கடனை அடைக்க மட்டும் வையுங்கள், புதுச் செலவுக்கு வேண்டாம். அடகுச் சீட்டில் எடை சரியாக இருக்கிறதா, கெடு தேதி என்ன என்று அங்கேயே நின்று படித்துப் பார்த்து, தேதியைக் காலண்டரில் எழுதுங்கள். கெடுவை மறந்தால் ஏலம் வரை போகும். இன்னொன்று, வட்டிக்காரருக்குப் பணம் கொடுக்கப் போகும்போது புரோநோட்டும், கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வெற்றுக் காசோலையும் திரும்பக் கைக்கு வந்த பிறகு பணத்தை எண்ணிக் கொடுங்கள். ‘நாளைக்குத் தேடித் தருகிறேன்’ என்றால் பணமும் நாளைக்கே. மிரட்டல் வந்தால் பயப்பட வேண்டாம், 2003-லேயே தமிழ்நாட்டில் கந்துவட்டித் தடைச் சட்டம் வந்துவிட்டது, போலீஸில் புகார் கொடுக்கலாம்.

குழுக்கடன் கட்ட முடியாத மாதம் வந்தாலும் சில விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும். ரிசர்வ் வங்கியின் 2022 விதிப்படி, இந்த மாதிரி நுண்கடனுக்குக் காலை 9 மணிக்கு முன்னாலும் மாலை 6 மணிக்குப் பின்னாலும் வசூலுக்குக் கூப்பிடக் கூடாது. தவறிய தவணைக்குத்தான் அபராதம், முழுக் கடனுக்கும் இல்லை. முன்னாலேயே அடைத்தால் அதற்குத் தண்டம் கேட்கக் கூடாது. எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து வீட்டு வருமானத்தில் பாதியைத் தாண்டும்படி கொடுக்கவும் கூடாது. எங்கள் குழுவில் பலருக்கு இது தெரியாது. மெதுவாக ஒவ்வொருவரிடமும் சொன்னேன்.

சரி, கரண்ட் பில். அந்த வருடம் அத்தைக்கு நெஞ்சுச் சளி, ராத்திரி குளிர் தாங்கவில்லை என்று இரண்டு கம்பி உள்ள ஹீட்டர் ஒன்று வாங்கினோம். இரண்டு கம்பியும் போட்டால் 2,000 வாட், மணிக்கு 2 யூனிட். சாயங்காலம் தொடங்கி 4 மணி நேரம் ஓடினால் 8 யூனிட். இரண்டு மாதத்துக்கு 480. எங்கள் வீட்டுக்கு வழக்கமாக ஆவது 170 யூனிட்தான். இரண்டும் சேர்ந்து 650. இங்கேதான் விஷயம் இருக்கிறது. 500 யூனிட்டைத் தாண்டினால் மேலே போன யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை, 100-க்கும் 200-க்கும் நடுவில் மலிவாகக் கிடைத்த யூனிட்டுக்கும் சலுகை போய்விடுகிறது. 499-க்கும் 510-க்கும் உள்ள தூரம் 11 யூனிட் விலை அல்ல.

இப்போது நான் செய்வது இது. கணக்கெடுப்பவர் அட்டையில் எழுதிவிட்டுப் போன தேதியிலிருந்து பத்து நாளுக்கு ஒருமுறை மீட்டரைப் பார்த்துக் காலண்டரில் குறிக்கிறேன். ஒரு மாதத்தில் 200 தாண்டியிருந்தால் அடுத்த மாதம் கையைச் சுருக்க வேண்டும். ஹீட்டரை அத்தை படுக்கும் அறையில் மட்டும், ஒரு கம்பி, படுப்பதற்கு முன் ஒரு மணி நேரம். ஜன்னல் சட்டத்தின் இடுக்கில் செய்தித்தாளைச் சுருட்டிச் செருகி, கதவுக்கு அடியில் பழைய சாக்கைச் சுருட்டி வைத்தோம். காற்று வருவது நின்றதும் அறையே வேறு மாதிரி இருந்தது. படுக்கையில் ஒரு சுடுதண்ணீர்ப் பை. காலையில் கை வைத்தால் கூட வெதுவெதுப்பு இருக்கும். கீசரை நாலு பேரும் அடுத்தடுத்துக் குளிக்கும் நேரத்துக்கு மட்டும் போட்டு அணைக்கிறோம், அதுவும் 2,000 வாட்தான்.

பணத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று மூடிய அறையில் கரிக் குமுட்டி மட்டும் வைத்துவிடாதீர்கள். கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை, தூக்கத்திலேயே உயிர் போய்விடும். தேயிலைச் செடியைக் கவாத்து செய்து வெட்டிய விறகு இலவசமாகக் கிடைக்கிறது என்றால் புகைபோக்கி உள்ள அடுப்பில், கதவு திறந்திருக்கும்போது எரியுங்கள். நான் கவாத்துக் கட்டைகளை மாடத்தில் அடுக்கிக் காயவைத்துக் குளிக்கத் தண்ணீர் காய்ச்ச வைத்துக்கொள்கிறேன்.

கேஸுக்கு இரண்டே வார்த்தை. நம் ஊர் 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, இங்கே தண்ணீர் 94 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். அதனால் திறந்த பாத்திரத்தில் அவரைக்கொட்டையும் ராஜ்மாவும் வேக ரொம்ப நேரம் ஆகும். ராத்திரியே ஊறவைத்து, குக்கரில் முதல் விசில் வந்ததும் தீயைக் குறையுங்கள். அப்புறம், பனிக் காலை தீ சிறுத்தால் உடனே சிலிண்டர் தீர்ந்தது என்று மாற்றிவிடாதீர்கள். குளிரில் உள்ளே அழுத்தம் குறைந்துவிடும். மதியம் வெயில் ஏறியதும் பற்றவைத்துப் பாருங்கள், இன்னும் நாலு நாள் வரும். சிலிண்டரைச் சூடு பண்ணுவது மட்டும் கூடவே கூடாது.

பஸ்ஸுக்கு 2024-லிருந்து மலைப் பகுதியிலும் சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களிடம் காசு வாங்குவதில்லை. குன்னூர் போகிற வேலையெல்லாம் நான்தான் போகிறேன். அத்தையின் பிரஷர் மாத்திரையை மக்கள் மருந்தகத்தில் வாங்குகிறோம். கம்பெனிப் பெயர் இல்லாமல் மருந்தின் பெயரையே டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிப் போனால் சுலபம்.

இதெல்லாம் சேர்ந்தும் தை, மாசி இரண்டு மாதமும் கஷ்டம்தான், பனியில் இலை வராது. ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்து இலை குவியும்போதே, இலைப் பணம் வந்த மறுநாள் மின்வாரியத்தில் போய் 2,000 ரூபாய் முன்பணமாகக் கட்டிவிடுகிறேன். அடுத்து வரும் பில்லில் அதைக் கழித்துக்கொள்வார்கள். போன தை மாதம் கரண்ட் பில் கையைக் கடிக்கவில்லை.